கல்மரம்

கல்மரம் என்பது மண்ணுக்குள் புதைந்த அடிமரத்தில் சிலிக்கா ஊறி, நாரும் வளையமும் கலையாதபடி முழுவதும் கல்லாக மாறிய தொல்லுயிர் எச்சம். தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துத் திருவக்கரையிலும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலும் பெரிய அளவில் கிடக்கிறது. நிலவியலார் இதைப் படிமங்களில் சேர்ப்பர். மணிக்கல் அறிந்தவர்கள் அகேட்டும் கார்னீலியனும் ஜாஸ்பரும் இருக்கும் கால்சிடோனிக் குடும்பத்தில் இதற்கு இடம் தருவர். இரண்டு கணக்கும் சரியே. பொருளால் அது குவார்ட்சு, உருவத்தால் மரம்.

நவரத்தின வரிசையில் இதற்கு இடமில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை இரத்தினக் கடைத்தெருவின் ஒன்பது மணிகளையும் அவற்றின் குற்றங்குணங்களையும் விரிவாகச் சொல்கிறது. அங்கும் இது இல்லை. ஒளி ஊடுருவாத கல், ஏராளமாகக் கிடைக்கும் கல் என்பதால் அரசர்களின் முடிக்கு இது ஏறவில்லை. அந்த ஒன்பதில் முத்தும் பவளமும் உயிரிலிருந்து வந்தவை. ஆனால் அவை உயிர் தனக்கென்று சுரந்துகொண்ட பொருள். கல்மரத்தில் உயிரின் உடலே கல்லுக்கு இடம் விட்டிருக்கிறது. இவ்வகையில் அந்த ஒன்பதுக்கும் இல்லாத சிறப்பு இதற்கு உண்டு: ஒரு துண்டை அறுத்து உருப்பெருக்கியில் வைத்தால், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற மரம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியும்.

கிடக்கும் நிலம்

கல்மரம் கிடக்கும் நிலத்தை அறிய மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தொடங்கலாம்; பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில், விழுப்புரம் – கடலூர் இருப்புப்பாதையில் இருக்கிறது அது. அதற்கு வடக்கே திருவக்கரை, தென்மேற்கே நெய்வேலி. நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ நடுவில் விழுகிறது இவ்வூர். தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் இங்கே மேலே மூடியிருப்பதால் கரும்பும் நெல்லும் விளைகின்றன. வண்டல் இல்லாத மேட்டுப் பக்கங்களில் சிவந்த மண் தலைகாட்டுகிறது: கடலூரை ஒட்டிய கேப்பர் மலை, பண்ணுருட்டியின் பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும், வடக்கே புதுச்சேரியை அடுத்த செம்மண் மேடுகள். இவை எல்லாம் ஒரே படிவுத் தொகுதியின் மேற்பரப்பு. நிலவியலில் அதற்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியப் பாறைகளை ஆராய்ந்து வரைபடமிட்ட ஹென்றி பிளான்ஃபோர்டு வழங்கிய பெயர் இது.

கடலூர் மணற்கல் என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்குக் கல் உடைக்கும் பாறை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பகுதி உதிர்ந்து போகும் மணல், கூழாங்கல், வண்ண வண்ணக் களிமண். பழைய ஆறுகள் மேற்கிலிருந்து உருட்டிவந்து கடலோரம் பரப்பியவை. இந்தப் படிவில்தான் தமிழ்நாட்டின் இரண்டு பெரிய மரப் புதையல்களும் இருக்கின்றன. நெய்வேலியில் அது பழுப்பு நிலக்கரி; திருவக்கரையில் கல்மரம்.

இரண்டும் ஒரே காடு என்று சொல்லிவிட முடியாது. பழைய பாடநூல்கள் இரண்டையும் மயோசீன் காலத்தில் வைத்தன. நிலக்கரியிலுள்ள மகரந்தத் தூள்களை ஆராய்ந்த சிலர் அதை இன்னும் முன்னே, இயோசீன் காலத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். திருவக்கரைக் கல்மரங்களுக்குச் சுமார் இரண்டு கோடி ஆண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் வயது. காலத்தில் வேறுபாடு இருந்தாலும், ஒரே கடற்கரைச் சமவெளியில் விழுந்த மரங்கள் ஓரிடத்தில் கரியாகவும் வேறோரிடத்தில் கல்லாகவும் போனதற்குக் காரணம் நிலத்தடி நீரிலும் மண்ணிலும் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால் கல்மரம் உண்டாகும் முறை முழுவதும் தெளிந்துவிடும்.

கல்லாகும் விதம்

மரம் விழுந்தால் இயல்பாக நடப்பது மட்குவது. காற்றும் ஈரமும் சேரும் இடத்தில் பூஞ்சையும் கறையானும் சில ஆண்டுகளில் எதையும் விட்டுவைக்காமல் தின்றுவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, காற்றுப் புகாத இடத்தில் விரைவாகப் புதைவது. அப்படிப் புதைந்த மரத்துக்கு இரண்டு கதி உண்டு.

ஒன்று, தேங்கிய நீரில், சதுப்பில் புதைவது. அங்கே ஆற்று மணல் வந்து சேர்வது குறைவு. விழுந்ததன்மேல் இலையும் கிளையும் மேலும் விழுந்து அடுக்காகும். நீர் ஓடாமல் நிற்கும். மரம் தன் கரியைத் தானே வைத்துக்கொண்டு, மேலடுக்கின் பாரத்தால் அமுங்கி, முதலில் மட்கு நிலக்கரியாகவும் பிறகு பழுப்பு நிலக்கரியாகவும் மாறும். நெய்வேலியில் நடந்தது இதுதான். எட்டு மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்கும் மேல் கனமுள்ள ஒரு படுகையாக அது இன்று கிடைக்கிறது.

மற்றொன்று, வெள்ளம் அடித்துக்கொண்டு போய் மணலுக்குள் செருகிவிடுவது. திருவக்கரை அடிமரங்கள் எல்லாம் படுத்த நிலையில் கிடக்கின்றன. நிற்கும் மரம் ஒன்றும் இல்லை. வேர்ப்பகுதி இல்லை, கிளை இல்லை, இலை இல்லை, பட்டையும் இல்லை. கூழாங்கற்களோடு கலந்து கிடக்கின்றன. வேறெங்கோ வளர்ந்து, ஆற்றில் உருண்டு, கிளை ஒடிந்து, பட்டை உரிந்து வந்து சேர்ந்தவை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. இவை புதைந்த மணலில் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நிறைய இருந்தது. மழைநீர் ஊறியபோது ஃபெல்ஸ்பார் சிதைந்து வெள்ளைக் களிமண்ணாகும். அப்போது அதிலிருந்து சிலிக்கா கரைந்து நீரோடு வெளியேறும். நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணில் கிடைக்கும் வெண்களிமண்ணையும் திருவக்கரையின் சிலிக்கா மரங்களையும் ஒரே வேதிமாற்றத்தின் இரு விளைவுகளாகப் பார்ப்பது பொருத்தமாக இருக்கிறது.

சிலிக்கா கரைந்த நீர் மரத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இந்தக் கல்லின் அழகான பகுதி. மரத்தின் உள்ளே நீர் ஏறப் பயன்பட்ட நுண்குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அதே வழியில் சிலிக்கா நீர் புகுகிறது. செல்லுலோசும் லிக்னினும் ஆன செல்சுவரின் பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் சிலிசிக் அமில மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. முதலில் சுவரின்மேல் மிக மெல்லிய படலம் படிகிறது. பிறகு சுவருக்குள்ளேயே ஊறுகிறது. கடைசியில் செல்லின் உள்வெளி நிரம்புகிறது. மரப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வெளியேற, அந்த இடத்தில் சிலிக்கா தங்குகிறது. சுவாமிமலைச் சிற்பி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்தக் கூட்டில் வெண்கலத்தை ஊற்றுவதைப் போன்றதுதான் இது; ஆனால் இங்கே கூடு ஒரே நாளில் காலியாவதில்லை, ஒவ்வொரு செல்லிலும் பழையது போகப் போகப் புதியது வருகிறது. அதனால்தான் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட அமைப்பு காப்பாற்றப்படுகிறது.

ஆரம்பத்தில் படிவது உருவமற்ற ஓப்பல். காலம் செல்லச் செல்ல நீரை இழந்து, இடைநிலை ஓப்பலாகி, பிறகு கால்சிடோனியாகவும் நுண்குவார்ட்சாகவும் உறுதிப்படுகிறது. இந்த முழுப் பயணத்துக்குக் கோடி ஆண்டுகள் ஆகலாம். ஆனால் முதற்கட்டம், அதாவது சிலிக்கா செல்சுவரில் ஏறி உருவத்தைப் பிடித்துக்கொள்வது, பலர் நினைப்பதைவிட வேகமானது. ஜப்பானின் தாத்தெயாமா எரிமலைப் பகுதியில் ஒரு வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைக் கட்டிவைத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. 7 ஆண்டுகளில் துண்டின் எடையில் சுமார் 40 விழுக்காடு சிலிக்காவாகியிருந்தது. திருவக்கரையில் வெந்நீர் ஊற்று இருந்ததாகக் கருத இடமில்லை; சாதாரண நிலத்தடி நீரில் இது பலமடங்கு மெதுவாகவே நடந்திருக்கும். ஆனாலும் மட்கிப்போகும் வேகத்தைச் சிலிக்கா முந்தியிருக்கிறது என்பதற்குக் கண்முன் கிடக்கும் மரங்களே சான்று.

மணிக்கல்லாக அதன் பண்புகள்

மோஸ் அளவில் கடினம் 6.5 முதல் 7. எஃகுக் கத்தி கீறாது. கல்மரம் கண்ணாடியைக் கீறும். ஒப்படர்த்தி சுமார் 2.6. உயிருள்ள கடின மரம் நீரைவிடச் சற்று எடை குறைந்ததாக இருக்கும் என்று கொண்டால், அதே அளவு கல்மரம் மூன்று மடங்கு கனக்கும். ஒரு கன மீட்டர் துண்டு இரண்டரை டன்னுக்கு மேல். ஒளிவிலகல் எண் 1.54ஐ ஒட்டியது. பிளவுத் தளம் இல்லை. உடைந்தால் சிப்பியின் உட்புறம்போல் வளைந்த முறிவு. மெருகேற்றினால் மெழுகுக்கும் கண்ணாடிக்கும் இடைப்பட்ட பளபளப்பு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தவிர மற்ற அமிலங்கள் இதைத் தொடுவதில்லை.

ஓப்பல் நிலையிலேயே நின்றுவிட்ட கல்மரமும் உலகில் உண்டு. அது 5 முதல் 6.5 வரையிலான கடினமும், ஏறத்தாழ 2 முதல் 2.2 வரையிலான ஒப்படர்த்தியும் கொண்டது. நீர்ச்சத்து இருப்பதால் வெயிலில் வெடிக்கும் அபாயம் உண்டு. சிலிக்காவுக்குப் பதில் கால்சைட்டு நிரம்பிய மரமும் கிடைக்கும். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கால்சைட்டு நுரைக்கும், சிலிக்கா அசையாது.

தூய சிலிக்காவுக்கு நிறம் கிடையாது. கல்மரத்தின் நிறம் எல்லாம் கலந்துள்ள உலோகங்கள் தந்தது. இரும்பு ஆக்சைடுகள் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் தரும். மாங்கனீசு கருமையும் ஊதாச் சாயலும் தரும். குரோமியம் இருந்தால் பச்சை. வெளியேறாமல் தங்கிய கரி சாம்பலும் கருப்பும். திருவக்கரைத் துண்டுகள் பெரும்பாலும் வெளிர் பழுப்பு, சாம்பல், பாலேடு நிறம், அங்கங்கே செம்மை. அமெரிக்காவின் அரிசோனாக் கல்மரங்களின் கொழுந்துவிடும் சிவப்பும் மஞ்சளும் இங்கே இல்லை. நகைக்கடைக்காரர் கண்ணுக்கு இது குறையாகத் தோன்றலாம். மரத்தின் அமைப்பைப் படிக்க வருபவருக்கோ நிறம் மிகுந்த அகேட்டைவிட இந்த அடக்கமான பழுப்பே மேல்; வண்ணப் பட்டைகள் அதிகமானால் அவற்றில் செல் வரிசை மறைந்துபோகும்.

அறுக்க வைர ரம்பம் வேண்டும். சிலிக்கன் கார்பைடு தூளில் படிப்படியாகத் தேய்த்து, சீரியம் ஆக்சைடில் மெருகேற்றுவது வழக்கம். ஒளி ஊடுருவாததால் பட்டை தீட்டுவதில்லை. மேற்புறம் வழவழப்பான மேடாகத் தேய்த்து மோதிரத்திலும் பதக்கத்திலும் வைப்பார்கள், அல்லது மணியாகக் கோப்பார்கள். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அகேட்டும் கார்னீலியனும் செவ்வந்திக்கல்லும் மணிகளாக உருட்டப்பட்டன என்பதை 1945இல் மார்ட்டிமர் வீலரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டி வெளிப்படுத்தினார்கள். அவை அனைத்தும் இதே குவார்ட்சுக் குடும்பம்தான். அந்தக் கைத்திறனுக்குக் கல்மரத்தின் கடினம் புதியதாக இருந்திராது.

போலியை அறிய எளிய வழி குறுக்குவெட்டைப் பார்ப்பது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். உண்மையான கல்மரத்தில் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் மெல்லிய கதிர்களும், இலைமரமாக இருந்தால் ஊசி குத்தியதுபோன்ற துளைகளும் தெரியும். கூம்புத்தாவர வகையில் அந்தத் துளைகள் இராது; செல்கள் ஒரே சீராக அணிவகுத்திருக்கும். கோடு கோடாக இருக்கும் ஜாஸ்பரை மரம் என்று விற்பதுண்டு. அதில் கோடு இருக்கும், கதிர் இருக்காது. பிசின் வார்ப்புகள் கையில் எடுத்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும்: கனமும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

கரியின் பக்கத்து உறவுகள்

மரம் மணிக்கல்லாவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் சிலிக்காவுக்கு வேலை இல்லை. ஜெட் என்னும் கருமணி பழுப்பு நிலக்கரி வகையைச் சேர்ந்தது. அரோகாரியா குடும்ப மரங்கள் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகியதால் உண்டானது. இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் எடுக்கப்பட்ட ஜெட், விக்டோரியா அரசி கணவரை இழந்து துக்கம் காத்த காலத்தில் துக்க நகையாகப் பெரும் வணிகம் கண்டது. கடினம் 2.5 முதல் 4 வரை, ஒப்படர்த்தி 1.3ஐ ஒட்டியது; தீயில் காட்டினால் கரி வாடை வரும்.

அப்படியானால் நெய்வேலிக் கரியையும் மணியாக உருட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். வெட்டியெடுத்து வெயிலில் வைத்தால் உலர்ந்து, வெடித்து, உதிரும். அதிலும் மரத்தின் நார் கண்ணுக்குத் தெரியும் துண்டுகள் உண்டு. ஆனால் மெருகேற்ற வேண்டிய இறுக்கம் அதற்கு வரவில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு மேலே வந்த கரிய பொருள்தான் இந்தப் படுகையை உலகுக்குக் காட்டியது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாகி, 1957 மே மாதம் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. படுகைக்கு அடியிலிருக்கும் மணலில் நீர் அழுத்தத்தோடு நிற்பதால், இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். திருவக்கரையில் மரத்தைக் கல்லாக்கியதும் இத்தகைய மணலில் ஊறிய நீரே.

அந்தக் கரிக்குள் மார்க்கசைட்டு என்னும் பித்தளை நிறக் கனிமமும் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பார்க்க அழகு, வைத்திருக்க முடியாது: காற்றுப்பட்டால் சிதைந்து கந்தக அமிலமாகக் கசிந்து, வைத்த அட்டைப் பெட்டியையும் அரித்துவிடும். நகைக்கடைகளில் மார்க்கசைட்டு என்ற பெயரில் விற்கும் மின்னும் சிறு கற்கள் உண்மையில் அதன் உறவான பைரைட்டு. அது நிலைத்து நிற்கும்.

அசுரனின் எலும்பு

திருவக்கரை தேவாரப் பாடல் பெற்ற தலம், சம்பந்தர் பாடியது. சங்கராபரணி ஆற்றங்கரையில் சந்திரமௌலீசுவரர் கோயிலும் அதனுள் வக்கிரகாளி சந்நிதியும் இருக்கின்றன. பௌர்ணமி இரவுகளில் காளியைக் காணக் கூட்டம் திரள்கிறது. தல புராணத்தின்படி, சிவனை வழிபட்டு வரம் பெற்ற வக்கிராசுரன் தேவர்களைத் துன்புறுத்தினான். திருமால் சக்கரத்தால் அவனை வீழ்த்தினார். அவன் தங்கை துன்முகியைக் காளி வதைத்தாள். அவள் வயிற்றிலிருந்த சிசுவை எடுத்துக் காதணியாக அணிந்துகொண்டாள்.

கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் செம்மண் மேட்டில் கிடக்கும் நீண்ட உருளைக் கற்களை அந்த அசுரனின் எலும்புகள் என்றே உள்ளூரார் வழிவழியாகச் சொல்லிவந்தனர். இதை அறியாமை என்று தள்ளுவது சரியன்று. முனை முறிந்த நீள உருளை, நடுவில் மச்சை இருந்த தடம், வெளியில் நீளவாக்கில் ஓடும் வரி. கூர்ந்து பார்த்தவர்தான் இதைக் கல் என்று விட்டுவிடாமல் ஓர் உடலின் பகுதி என்று கண்டிருக்க முடியும். ஒருகாலத்தில் உயிரோடு இருந்தது, பிறகு கல்லானது என்ற இரண்டு செய்திகளும் அந்தக் கதைக்குள் சரியாகவே இருக்கின்றன. எந்த உயிர் என்பதில் மட்டும்தான் நிலவியல் மாறுபடுகிறது.

வியப்பு என்னவென்றால், கடல்களுக்கு அப்பால் அரிசோனாவில் இதே எண்ணம் தனியாகப் பிறந்திருக்கிறது. அங்கே நாவஹோ மக்கள் கல்மரங்களை யெயிட்சோ என்னும் அரக்கனின் எலும்புகள் என்கிறார்கள். வீரர்களால் கொல்லப்பட்டவன் அவன். பையூட் மக்களோ தம் தெய்வமான சினாவாவின் அம்புத் தண்டுகள் என்கிறார்கள். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத திருவக்கரையாரும் நாவஹோ மக்களும் ஒரே வகைக் கல்லைப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கல்மரத்தின் உருவம் மனிதக் கண்ணில் ஏற்படுத்தும் பதிவு அவ்வளவு உறுதியானது.

கிரேக்கத்தில் தியோஃபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதிய கற்கள் பற்றிய நூலில், கல்லாகிப்போன இந்திய நாணல் ஒன்றைக் குறிப்பிட்டு, அதைப் பவளத்தோடு ஒப்பிடுகிறார். தாவரம் கல்லாகும் என்ற எண்ணத்தை அந்நாளிலேயே இந்தியாவோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள்.

சோதிட வழக்கில் கல்மரத்துக்கு எந்தக் கிரகமும் ஒதுக்கப்படவில்லை. இன்று இணையக் கடைகள் மனஅமைதி, பொறுமை, முன்னோர் ஆசி என்று பல பலன்களை ஏற்றி விற்கின்றன. தமிழ் மரபில் அவற்றுக்கு வேர் கிடையாது. மருத்துவச் சான்றும் கிடையாது.

எந்த மரங்கள்?

புதுச்சேரியில் தங்கிப் பல ஊர்களைச் சுற்றிய பிரெஞ்சு இயற்கையியலார் பியர் சொன்னரா, 1782இல் பாரிசில் பயண நூல் வெளியிட்டவர். திருவக்கரைக் கல்மரங்களை ஐரோப்பியருக்கு முதலில் தெரிவித்தவர் அவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியத் தாவரவியலார் ஷ்லைடன் இங்கிருந்து போன ஒரு துண்டை ஆராய்ந்து பியூசே ஷ்மிடியானா என்று பெயரிட்டார். கூம்புத்தாவர மரம் அது. பின்னர் 1931இல் பீர்பல் சாஹ்னி அதை மெசெம்பிரியாக்சிலான் என்ற பேரினத்துக்கு மாற்றினார். இந்தியத் தொல்தாவரவியலை நிறுவியவர் சாஹ்னி. 1949 ஏப்ரல் 3 அன்று லக்னோவில் அவருடைய ஆய்வு நிறுவனத்துக்கு நேரு நாட்டிய அடிக்கல்லே பல நாட்டுப் படிமங்களைப் பதித்துச் செய்தது. ஒரு வாரம் கழித்து சாஹ்னி காலமானார்.

பிறகு சி.ஜி.கே. ராமானுஜம், அவஸ்தி, லக்கன்பால் முதலியோர் மெல்லிய சீவல்களாக அறுத்து ஒளியில் பார்த்துப் பெரும் பட்டியலே தந்தார்கள். குங்கிலிய மரக் குடும்பமான டிப்டெரோகார்ப்புகள், புன்னை இனம், மருத இனம், புளியோடு உறவுள்ள அவரைக் குடும்ப மரங்கள். இதிலிருந்து வரும் செய்தி பெரியது. இன்று முந்திரியும் பனையும் முட்புதரும் நிற்கும் இந்த வறண்ட கரையின் பின்புலத்தில் ஒருகாலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மலேயாவிலும் இருப்பதுபோன்ற மழைக்காடு நின்றது. மெசெம்பிரியாக்சிலானின் உறவான போடோகார்ப்புக் குடும்பத்தில் ஒரே ஒரு வகைதான் இன்று தென்னிந்தியாவில் இயற்கையாக வளர்கிறது, அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயரங்களில். நம் மலைகளில் தானாக வளரும் கூம்புத்தாவரம் வேறில்லை.

சாத்தனூர் மரம் இவற்றைவிட மிகப் பழையது. பூக்கும் மரங்கள் பெருகும் முன் ஓங்கியிருந்த கூம்புத்தாவரக் காலத்தது. 1940இல் நிலவியலார் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கிரெட்டேசியக் காலக் கடற்படிவில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்சல்மர் அருகே ஆகல் என்னும் இடத்தில் ஜுராசிக் காலக் கல்மரங்கள் உண்டு. இந்தியாவின் கல்மரக் களங்களில் முதன்மையானவை இவை.

காப்பு

திருவக்கரையை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. ஒன்பது பகுதிகளாகப் பிரிந்த சுமார் 247 ஏக்கர் நிலம். பொதுமக்கள் பார்க்கத் திறந்திருப்பது அதில் ஒரு பகுதி. சுமார் 200 கல்மரங்கள், 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரை நீளமுள்ளவை, செம்மண்ணில் பாதி புதைந்தும் பாதி வெளியிலும் கிடக்கின்றன. தூசி மூடிய வெட்டுமுகத்தில் வரி தெளிவாகத் தெரிவதில்லை. மழை பெய்து ஓய்ந்த நாளில் போனால் ஈரத்தில் வளையமும் கதிரும் எடுப்பாகத் தெரியும்.

துண்டு பொறுக்கிப் போவது இங்கே பழைய தொல்லை. கையளவுத் துண்டுதானே என்று தோன்றும். ஆனால் கல்மரத்தின் அறிவியல் மதிப்பில் பெரும்பகுதி அது கிடக்கும் இடத்தில் இருக்கிறது: எந்தத் திசையில் படுத்திருக்கிறது, எந்தக் கூழாங்கல் அடுக்கில் இருக்கிறது, அருகில் எந்த மரம் கிடக்கிறது என்பவற்றில். இடம் மாறிய துண்டு அலங்காரக் கல்லாக மட்டும் மிஞ்சும். அரிசோனாவில் 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்மரக் காட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கினார். 1962இல் அது தேசியப் பூங்காவானது. அங்கிருந்து துண்டு எடுத்துப்போனவர்களில் பலர், வீட்டில் நோயும் இழப்பும் தொடர்ந்ததென்று மன்னிப்புக் கடிதத்தோடு கற்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அக்கடிதங்கள் 2014இல் நூலாகவும் வந்தன. திரும்பி வந்த கற்களைப் பூங்காக்காரர்கள் மறுபடி காட்டுக்குள் வைப்பதில்லை. எது எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாததால், வைத்தால் ஆய்வு குழம்பும். தனியாக ஒரு குவியலாகப் போட்டிருக்கிறார்கள்.

படிமங்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை இந்தியாவில் நெடுநாளாக உண்டு. 2022 டிசம்பரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் நிலவியல் மரபிடங்களையும் எச்சங்களையும் காப்பதற்கான வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்க வெளியிட்டது. திருவக்கரைக்கு இது அவசரத் தேவை. வேலிக்குள் இருக்கும் மரங்களுக்குக் காவல் உண்டு. கடலூர் மணற்கல் ஓடும் நிலமெல்லாம் மணலும் செம்மண்ணும் தோண்டி எடுக்கப்படுகிற காலம் இது. வேலிக்கு வெளியே தனியார் நிலத்தடியில் இன்னும் எத்தனை அடிமரங்கள் கிடக்கின்றனவோ, அவை மண்வெட்டும் இயந்திரத்தின் முன் வரும்போது நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும்.